முறையும் விகிதமும்

தமிழில் 'மாமா' அம்மாவின் தம்பி, மாமனாரும் மாமாதான். 'அத்தை' அப்பாவின் தங்கை, மாமியாரும் அத்தைதான். கடப்பாக்கம் பக்கத்தில் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதும் 'மாமா' என்றே. கல்யாணத்தால் உண்டாக வேண்டிய உறவுக்குக் கல்யாணத்திற்கு முன்பே மொழி பெயர் வைத்துவிடுகிறது. பெண் பார்க்கும் படலத்தை நம் சினிமா எவ்வளவு நீட்டினாலும், இந்தச் சொற்களின்படி பெண் ஏற்கெனவே பார்க்கப்பட்டவள்.

பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957-இல் வெளியிட்ட நூல்களில் இதைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொன்னார். தென்னிந்தியாவில் நிலமும் வீடும் பரம்பரையாக வருவதுபோல் சம்பந்த உறவும் பரம்பரையாக வருகிறது. அப்பனுக்கு மைத்துனனாக இருந்தவன் மகனுக்கு மாமன். சம்பந்தம் ஒரு தலைமுறையில் முடிந்துபோகும் சம்பவமல்ல, அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் சொத்து. 'முறைப்பெண்', 'முறை மாமன்' என்பவற்றில் உள்ள முறை இந்தச் சொத்துரிமைதான்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் 'மரபு' என்றால் யாப்பை நினைப்பார்கள். அதே சொல்லை உயிரியல் பாடநூலும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பாட்டன் முப்பாட்டன் வழக்கமும் மரபு, பாட்டனிடமிருந்து ரத்தத்தில் வருவதும் மரபு. சொந்தத்தில் கல்யாணம் என்ற விஷயத்தில் இந்த இரண்டு மரபுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைப் பேசுகிறவர்கள் மற்றதைப் பேசுவதில்லை. வாரப் பத்திரிகைகளின் டாக்டர் பதில்கள் பகுதி 'கூடாது' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. ஊரில் உள்ளவர்களோ 'எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இப்படித்தான், என்ன கெட்டுப்போய்விட்டது?' என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வி முட்டாள்தனமானதல்ல. விஞ்ஞானிகள் அதை ஏறக்குறைய நூற்றைம்பது வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல முயன்ற முக்கியமான இடங்களில் ஒன்று வேலூர்.

கணக்கு மெண்டலுடையது. ப்ரூன் நகரத்து மடத்தில் துறவியாக இருந்தவர், பட்டாணிச் செடிகளைக் கலந்து எட்டு வருஷம் எண்ணினார். 1865-இல் வாசித்து 1866-இல் அச்சான கட்டுரையில் ஓர் எண்ணிக்கை வருகிறது: 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் முதல் தலைமுறையில் காணாமல் போய் இரண்டாம் தலைமுறையில் திரும்பி வந்தது. காணாமல் போனது அழிந்ததல்ல, ஒளிந்திருந்தது என்பதுதான் அவர் கண்டது. ஒவ்வொரு குணத்துக்கும் உயிர் இரண்டு பிரதி வைத்திருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பிள்ளைக்குக் கொடுப்பது அந்த இரண்டில் ஏதாவது ஒன்று. இதை 1900 வரை யாரும் பொருட்படுத்தவில்லை.

இதை நம் வீட்டுக்கு வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண் தன் தாய்மாமனைக் கட்டிக்கொள்கிறாள். பிறக்கும் பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்றவளும் அம்மாவின் அம்மாவைப் பெற்றவளும் ஒரே கிழவி. அவளிடம் ஏதோ ஒரு ஜீனின் பழுதுபட்ட பிரதி ஒன்று இருக்கிறது. ஜோடியில் மற்றது சரியாக இருப்பதால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தொண்ணூறு வயதுவரை கருவாடு காயவைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பிரதி மகனுக்கு வரப் பாதி வாய்ப்பு. மகனிடமிருந்து பிள்ளைக்கு வர அதில் பாதி; நாலில் ஒன்று. மற்ற கிளையில் மகள், பேத்தி, பேத்தியின் பிள்ளை என்று மூன்று படி, எட்டில் ஒன்று. இரண்டு வழியாகவும் அதே பிரதி ஒரே பிள்ளையிடம் வந்து சேர 32-இல் ஒரு வாய்ப்பு. கிழவியிடம் இரண்டு பிரதி, அவள் புருஷனிடம் இரண்டு. நாலை 32-ஆல் வகுத்தால் 8-இல் ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று படி. அதே வழியில் 16-இல் ஒன்று. பாடநூல்களில் உட்கலப்புக் கெழு என்று வருவது இவ்வளவுதான், வட்டிக் கணக்கைவிடச் சுலபம்.

நூறு பிரதியில் ஒன்று பழுதாக உள்ள ஒரு ஜீனை எடுத்துக்கொண்டால், அந்நியத்தில் கட்டியவர்களுக்குப் பிறக்கும் பத்தாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வரும். மாமன் மகளைக் கட்டியவர்களின் பத்தாயிரத்தில் சுமார் ஏழு. அக்கா மகளைக் கட்டியவர்களின் பத்தாயிரத்தில் சுமார் பதின்மூன்று. பதின்மூன்று மடங்கு என்று சொன்னால் பயமாக இருக்கிறது. மீதி 9,987 பிள்ளைகளுக்கு அந்த நோய் இல்லை என்று சொன்னால் பயம் போய்விடுகிறது. இரண்டும் ஒரே கணக்கு. டாக்டர் முதல் வாக்கியத்தைச் சொல்கிறார், ஊர் இரண்டாவதைச் சொல்கிறது. எந்தக் குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றியும் இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை. மெண்டல் கொடுத்தது விகிதம். அதைக் கேட்கிறவர்கள் விதியாகக் கேட்கிறார்கள். மெண்டலின் கட்டுரை தூங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஸோலா ஒரே குடும்பத்தின் சீரழிவைப் பரம்பரைச் சட்டமாகக் காட்டி இருபது நாவல் எழுதினார். வம்ச விருட்சம் ஒன்றும் வரைந்து வைத்திருந்தார். அதில் விகிதம் இல்லை, விதி மட்டுமே. நல்ல நாவல்கள்தான், ஆனால் அவை காட்டும் பரம்பரை ஜோசியம்.

மெண்டலின் கணக்கு நம் முறையோடு நேரடியாக மோதும் இடம் ஒன்று உண்டு. மாமன் மகள் கட்டிக்கொள்ள வேண்டியவள். பெரியப்பா மகள் தங்கை, அவளை அப்படி நினைப்பதே பாவம். ஜீன்களின் கணக்கில் இருவரும் ஒன்றே: 16-இல் ஒன்று. ரத்தம் என்று நாம் சொல்வது ரத்தம் அல்ல, இலக்கணம். இந்த இலக்கணம் மிகப் பழையது. பௌதாயன தர்மசூத்திரம் தெற்கத்தியாரின் தனி வழக்கங்கள் என்று ஐந்தைப் பட்டியலிடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது அவற்றில் உண்டு. எழுதியவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் அந்தந்த தேசத்து வழக்கம் என்று பதிவு செய்துவிட்டுப் போகிறார். 1955-இன் இந்து திருமணச் சட்டமும் இதையேதான் செய்தது. மாமனும் மருமகளும் மணக்கக்கூடாத உறவு என்று வரையறுத்தது, வழக்கம் அனுமதித்தால் தவிர என்று ஒரு வால் ஒட்டியது. இந்தப் பக்கத்தில் அந்த வாலில்தான் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

எங்கள் கிளையில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் வாரிசுதாரரின் உறவு முறை என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு தடவை ஒரு மீனவப் பெண், கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று நான் கேட்டதற்கு, 'மாமா' என்றாள். மாமனாரா, தாய்மாமனா, புருஷனா என்றேன். 'ஒரே ஆளுதான் சார், எது வேணுமோ எழுதிக்க' என்றாள். தலைமை அலுவலகம் ஒரு உறவுக்குத்தான் இடம் விட்டிருந்தது. 'கணவர்' என்று எழுதினேன்.

சொந்தத்தில் கட்டுவது நம்முடைய காட்டுமிராண்டித்தனம், மேல்நாட்டார் அதைக் கடந்தவர்கள் என்று எண்ணுகிறவர்கள் டார்வினின் வீட்டைப் பார்க்கலாம். 1839-இல் அவர் கட்டியது மாமன் மகள் எம்மாவை. பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறுவயதிலேயே போயின. தன் கல்யாணம்தான் காரணமோ என்ற சந்தேகம் அவரை வாழ்நாள் முழுக்க அரித்தது. 1871 மக்கள் கணக்கெடுப்பில், கணவனும் மனைவியும் உறவா என்று ஒரு கேள்வி சேர்க்கும்படி நண்பர் லப்பக் மூலம் 1870-இல் பார்லிமெண்டில் கேட்டுப் பார்த்தார். சபை மறுத்துவிட்டது. மகன் ஜார்ஜ் தானே கணக்கெடுக்கக் கிளம்பி, பத்திரிகைக் கல்யாண விளம்பரங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே குடும்பப் பெயர் கொண்டிருப்பதை எண்ணி ஓர் உத்தேசத்துக்கு வந்தார். 1875-இல் வெளியிட்ட முடிவு, கெடுதல் இருந்தாலும் மிகக் கொஞ்சம் என்பது. தகப்பன் மனம் ஆறியதா தெரியாது.

1902-இல் லண்டன் டாக்டர் கராட், மூத்திரம் காற்றுப்பட்டால் கறுத்துப்போகும் ஓர் அபூர்வ நோயைப் பற்றி எழுதினார். அது வந்தவர்களின் பெற்றோரில் அளவுக்கு மீறிய பங்கு, ஒன்றுவிட்ட சகோதர உறவில் கட்டியவர்கள். பேட்சன் அதை மெண்டலின் ஒளிந்திருக்கும் குணமாக விளக்கினார். மனித நோய் ஒன்றை மெண்டலின் கணக்கோடு சேர்த்தது அதுவே முதல். பட்டாணியிலிருந்து மனிதனுக்கு வந்த பாலம் சொந்தத்தில் செய்த கல்யாணம்தான் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

பிறகு உலகம் முழுவதும் எண்ணினார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டின் பாதிப்பைப் பார்க்கப் போன நீலும் ஷல்லும், குண்டின் விளைவை உறவுக் கல்யாணத்தின் விளைவிலிருந்து பிரிக்க வேண்டியிருந்ததால், ஜப்பானியக் குழந்தைகளைத் தனியாக ஆராய்ந்து 1965-இல் புத்தகம் எழுதினார்கள். அதற்கு முன் 1956-இல் மார்டன், க்ரோ, முல்லர் மூவரும் பிரெஞ்சுக் குடும்பப் பதிவுகளிலிருந்து ஒரு மதிப்பீடு செய்தார்கள். சாதாரண மனிதன் ஒவ்வொருவனும், இரட்டையாகச் சேர்ந்தால் ஆளைக் கொல்லக்கூடிய பழுதுகளில் மூன்று முதல் ஐந்துக்குச் சமமானதைச் சுமக்கிறான். குறையற்ற குலம் என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு சரியென்றால் தென்னிந்தியாவில் அதன் விளைவு அப்பட்டமாகத் தெரிய வேண்டும். ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தபோது அவர் கண்ணில் பட்ட விஷயங்களில் இது ஒன்று. ஐரோப்பாவில் தேடிப் பொறுக்க வேண்டிய உறவுக் கல்யாணம் இங்கே தெருவுக்குத் தெரு கிடந்தது. அதைவிட, ஐரோப்பாவில் சட்டமே தடுத்த மாமன்-மருமகள் கல்யாணம் இங்கே சாதாரணம். அவருடைய மாணவர் திரோணம்ராஜு ஆந்திர ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் கேட்டு எண்ணினார். ஹால்டேனும் ஜயகரும் 1962-இல் மனித உறவுகளை வகைப்படுத்தி எண்ணி ஒரு கட்டுரையே எழுதினார்கள். நம் பாட்டிமார் வாயால் செய்வதை அவர்கள் குறியீட்டால் செய்தார்கள் என்று சொல்லலாம்.

வம்ச வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்வது எப்படி ஏமாற்றும் என்பதற்கும் இதே காலத்தில் ஓர் உதாரணம் உண்டு. காது மடலில் மயிர் முளைப்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும், ஒய் குரோமோசோம் வழியே போகிறது என்று 1907-லேயே இத்தாலியில் ஒரு குடும்பத்தைக் காட்டினார்கள். திரோணம்ராஜு 1960-இல் ஆந்திரக் குடும்பமொன்றைக் காட்டினார். கர்ட் ஸ்டெர்னும் சென்டர்வாலும் சர்க்காரும் 1964-இல் இந்தியத் தகவல்களைப் புதிதாகச் சேர்த்துப் பார்த்து, நிரூபணமாகவில்லை என்று கையை விரித்தார்கள். 2004-இல் தென்னிந்திய ஆண்களிடம் செய்த டி.என்.ஏ. சோதனை, அந்தக் குரோமோசோமுக்கும் காது மயிருக்கும் சம்பந்தம் காணவில்லை. அப்படியிருந்தும் பாடநூல்களில் அந்தக் காது தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பாடநூலும் ஒரு மரபுதான்.

இனி வேலூர். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் துறையில் சுந்தர ராவும் இன்பராஜும் பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் போய்க் கேட்டார்கள்: புருஷன் என்ன உறவு, எத்தனை தடவை கருத்தரித்தாய், எத்தனை தங்கின, எத்தனை போயின. 1977-இலிருந்து முடிவுகள் அச்சாயின. கிராமத்தில் ஏறக்குறையப் பாதிக் கல்யாணங்கள் சொந்தத்தில். நகரத்தில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. எதிர்பார்க்காதது அடுத்தது. கருச்சிதைவிலோ, செத்துப் பிறப்பதிலோ, குழந்தைச் சாவிலோ, சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிரெஞ்சுப் பதிவுகளிலிருந்து வந்த மதிப்பீடு இங்கே பலிக்கவில்லை.

காரணம் என்று சொல்லப்பட்டது, பம்பாயில் ஸங்வி 1966-லேயே முன்வைத்தது. ஆயிரம், இரண்டாயிரம் வருஷமாகச் சொந்தத்தில் கட்டி வந்ததால் பழுதுபட்ட பிரதிகள் ஜோடி சேர்ந்து சேர்ந்து வெளிப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீங்கிப்போயின. ரத்தம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டது. இந்த விளக்கத்தைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். முன்னோர்கள் சும்மா செய்யவில்லை என்கிற வழக்கமான பல்லவி. அவர்கள் 'நீங்கிப்போயின' என்ற வினைச்சொல்லின் எழுவாய் யார் என்று கேட்பதில்லை. ஒரு ஜீன் தானாக நீங்குவதில்லை. அது இரட்டையாக வந்த குழந்தை வளர்ந்து பிள்ளை பெறாமல் சாக வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் ஒரு வரிச் சுத்தம், எழுபது எண்பது தலைமுறை வீட்டுக் கொல்லைகளில் புதைத்த குழந்தைகளால் ஆனது. அதைக் கணக்கில் பற்று என்று எழுதுவதா, வரவு என்று எழுதுவதா?

எனக்கு இன்னொரு விளக்கம் அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. வேலூர்க்காரர்கள் எண்ணிய காலத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் ஒரு வயதுக்குள் செத்துக்கொண்டிருந்தன. பேதி, நிமோனியா, தொப்புள்கொடி வழியே வரும் ஜன்னி, பசி. இந்த இரைச்சலில் மெண்டலின் இரண்டு மூன்று குழந்தைகளின் சத்தம் கேட்காது. பழுதுபட்ட பிரதி இரண்டும் சேர்ந்து பிறந்த குழந்தைக்கு நோய் வெளிப்படுவதற்குள் பேதி முந்திக்கொண்டது. சாவுக் காரணம் பேதி என்றே பதிவானது. 2020-இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு 13. மற்றச் சாவுகள் குறைந்தபோது பழைய பாக்கி மேலே தெரிய ஆரம்பித்தது. பிறவிச் செவிடு, விழித்திரை சிதைந்து மாலைக்கண்ணில் தொடங்கி முழுக் குருடாவது, ரசாயன மாற்றக் கோளாறுகள்: இவற்றுக்குச் சிகிச்சை செய்யும் இடங்களில் பெற்றோர் உறவா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில், ஊரில் உள்ள விகிதத்தைவிடத் தூக்கலாக வருகிறது. இன்று பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு, யாருக்கும் உள்ள இரண்டு மூன்று சதவிகிதப் பிறவிக் குறை வாய்ப்போடு மாமன் மகன், அத்தை மகள் கல்யாணத்தால் இன்னொரு இரண்டு சதவிகிதம் சொச்சம் சேரும் என்பது. தாய்மாமன் என்றால் அதைவிடக் கூடுதல்.

ஆனால் சொந்தத்தில் ஏன் கட்டினார்கள் என்பதற்கு இதில் எதுவும் பதிலாகாது. நிலம் பிரியாது, சீர் குறையும் என்பவை எல்லாரும் சொல்வது. பெண்கள் சொல்வது வேறு. போகிற இடத்தில் மாமியார் தன் பாட்டி. குழந்தைக்கு ஏதாவது கோளாறு என்றால் 'எந்தக் குடியிலிருந்து கொண்டுவந்தாளோ' என்று வாய் திறக்க முடியாது. அந்தக் குடி இந்தக் குடிதான். அந்நியத்தில் போன பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் ஒளிந்த நோய் வெளிப்படும் என்பது மெண்டலின் அரிச்சுவடி. ஆனாலும் பழி ஒரு பக்கத்துக்கே போய்ச் சேர்கிறது. மரபியலை நம் வீடுகளுக்குள் கொண்டுபோக விரும்புகிறவர்கள் 'கட்டாதே' என்பதற்கு முன்னால் இந்த 'இரண்டு பக்கம்' என்பதைச் சொல்லியிருக்கலாம்.

வழக்கம் குறைந்துகொண்டு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதவிகிதம் பேர் உறவில் கட்டியவர்கள். இந்தியா முழுவதும் 11. இதில் மெண்டலின் பங்கு சிறிது என்றே நினைக்கிறேன். அக்கா மகளைக் கட்ட, மூத்த அக்காவும் கடைக்குட்டித் தம்பியும் வேண்டும். நடுவில் ஐந்தாறு பேர் பிறந்திருந்தால்தான் தம்பிக்கும் அக்கா மகளுக்கும் வயது பொருந்தும். இரண்டோடு நிறுத்திக்கொண்ட வீட்டில் மாமனுக்கும் மருமகளுக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம். டாக்டர்களின் புத்திமதி சாதிக்காததைச் சிவப்பு முக்கோணம் சாதித்தது.

வெளியில் கட்டுகிறோம் என்கிறார்கள். வெளி என்பது எவ்வளவு தூரம்? கல்யாண விளம்பரங்களைப் பார்த்தால் அதே ஜாதி, முடிந்தால் அதே உட்பிரிவு, கோத்திரம் மட்டும் வேறு. ஹைதராபாத்தின் தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக்கும் கூட்டாளிகளும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81, ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. அந்த யூதர்கள் 1983-இலிருந்து கல்யாணத்துக்கு முன் ரத்தம் சோதித்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டு எண்கள் பொருந்துமா என்று மட்டும் சொல்லும் ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். யார் பழுதைச் சுமக்கிறார் என்று யாருக்கும் சொல்வதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்குப் பதினொன்றாவது பெரிய சிரமமாக இருக்கக்கூடாது.

அந்த 81-இல் பல பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளவை. எண்ணிக்கை பெரிது, மூதாதையர் கொஞ்சம். ஆந்திரத்து வைசியர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். அவர்களிடையே ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருப்பது மற்றவர்களைவிட மிக அதிகம். சாதாரண வாழ்வில் அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆபரேஷன் மேஜையில் தசையைத் தளர்த்தப் போடும் ஒரு மருந்து மட்டும் அந்த நொதி இல்லாதவர் உடம்பில் சில நிமிஷங்களில் கரைய வேண்டியது மணிக்கணக்கில் தங்கிவிடும். மூச்சு தானாக வராது. விஷயம் தெரிந்த மயக்க மருந்து டாக்டர், நோயாளியைப் படுக்கவைத்து ஊசியை எடுப்பதற்கு முன், நீங்கள் என்ன ஜாதி என்று கேட்கிறார்.